முப்பத்தெட்டாவது சிப்பாயின் தலை

அறுபத்து மூன்று சிப்பாய்களில் ஒருவனுக்கு மட்டும் தலை இல்லை.

மற்ற அறுபத்திரண்டு பேரும் பனி படர்ந்த சேற்றில் முள்கம்பியை நோக்கி ஓடிக்கொண்டும் விழுந்துகொண்டும் இருந்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு முழ உயரம். ஈயத்தில் வார்த்து வண்ணம் தீட்டியவர்கள். முப்பத்தெட்டாவது ஆள் குண்டுப் பள்ளத்தின் விளிம்பில் முழங்காலிட்டிருந்தான். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அங்கே யாரோ ஒரு வெள்ளைத் துணியைப் பதமாகப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாளைக்குக் காலைல திறப்பு விழா," என்றார் ஃபேர்லி. காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர். முன்னாள் லெப்டினன்ட். நிற்கும்போதும் அணிவகுப்பில் நிற்பது போலவே நிற்பார். "மந்திரிங்க வராங்க. இன்னைக்கு நாலு மணி ரயில்ல பென்ரோஸ் வரார். இதையெல்லாம் செஞ்ச சிற்பி. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"தொப்பி வாங்கப் போயிருக்கான்னு சொல்லுங்க சார்," என்றேன்.

ஃபேர்லி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

நான் நெட் பார்க்கின். ஐடா வென்லாக்கின் டிரைவர், குமாஸ்தா, வாயாடி. என் இடது கண் கண்ணாடி. அசல் பிரான்சில் எங்கேயோ கிடக்கிறது. மிஸ் வென்லாக், போன போரின்போது லண்டனில் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் இருந்தவர். 'கடைசியாக எங்கே பார்த்தாய்? எந்தப் பக்கம் விழுந்தான்?' என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் காயம்பட்டவர்களைக் கேட்டுக்கேட்டே தலை நரைத்தவர். இப்போது அதே வேலையைக் கான்பெராவில் தனியாகச் செய்கிறார். ஆள் தேடித் தருவார். தலை தேடச் சொல்லி யாரும் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவர் காட்சிப் பெட்டிக்கு இன்னும் கண்ணாடி பொருத்தாத பக்கமாகக் குனிந்து கழுத்தைப் பார்த்தார்.

"ஃபேர்லி, தலையைத் தனியா வார்த்து ஒட்டினதா?"

"ஆமா. கழுத்துல பற்றவெச்சிருக்கு. எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"யாரை மாதிரி செஞ்ச முகம் இது?"

"தெரியாது. ஆனா நிஜமான ஆள். எல்லாமே உயிரோட திரும்பி வந்த சிப்பாய்ங்களை நேர்ல நிக்கவெச்சுச் செஞ்சதுன்னு கேள்வி. வெள்ளிக்கிழமை வேலையாளுங்க குடும்பத்தோட பார்க்க வந்தப்போகூட அதைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம்." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ் வென்லாக், அஞ்சு மணி. அதுக்குள்ள தலை வரலைன்னா போலீஸ். எடுத்தவங்க யாரா இருந்தாலும் உள்ளதான்."

அவரையும் குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டடத்தின் கதை இருபது வருஷக் கதை. போர்க்களத்திலிருந்து அள்ளி வந்த பீரங்கி, கொடி, பூட்ஸ், கடிதம் எல்லாம் முதலில் மெல்போர்னில் ஒரு வாடகைக் கூடத்தில் இருந்தன. அப்புறம் சிட்னியில் இன்னொன்றில். தலைநகரில் அவற்றுக்கென்று ஒரு வீடு என்று சொல்லி அடிக்கல் போட்ட கையோடு பஞ்ச காலம் வந்தது. கல் மட்டும் புல்லுக்கு நடுவே நின்றது. இனி உலகத்தில் போரே வராது என்று நம்பி வரைந்த கட்டடம், அடுத்த போர் வந்து இரண்டு வருஷம் கழித்து, 1941 நவம்பரில்தான் கதவு திறக்கிறது. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தலையில்லாத ஒருவன்.

மிஸ் வென்லாக் அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நெட், என்ன தெரியுது?"

"துணி தெரியுது மிஸ். எனக்குப் பாதிதான் தெரியும், மீதியை நீங்க சொல்லுங்க."

"மாவு மூட்டைத் துணி. துவைச்சுத் துவைச்சு நீல எழுத்து வெளிறிப்போச்சு. ஓரம் மடிச்சுத் தைச்சிருக்கு. கஞ்சி போட்டிருக்கு. இது பாத்திரம் துடைக்கிற துணி." துணியை மடித்துப் பையில் வைத்தார். "தலையை எடுத்தவங்களுக்கு அவன்மேல கோபம் இல்லை. கோபம் இருந்தா முகத்தை நசுக்கியிருப்பாங்க. செத்தவங்களுக்குத்தான் இப்படி மூடுவோம். இந்தக் கட்டடத்துல மாவு மூட்டை எங்கே இருக்கும்?"

"வேலையாளுங்க டீக்கடையில."

"எனக்கும் தாகமா இருக்கு. வா."

கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மேவிஸ் டன்ஸ்டன் அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கை வேலையில் இருந்தது; கண் வேறெங்கோ இருந்தது. அவள் புருஷன் கிளெம் கல்தச்சன். மலை மாதிரி ஆள். வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"சர்க்கரை தீர்ந்துபோச்சு," என்றாள் மேவிஸ். "கரும்புப் பாகு ஊத்தட்டுமா?"

"டீயிலயா? எனக்குக் கண்ணுதாங்க போலி. நாக்கு அசல்."

மிஸ் வென்லாக் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தகர டப்பாவுல சர்க்கரைன்னு எழுதியிருக்கே?"

"காலி டப்பா."

"காலி டப்பாவைக் கயித்தால இவ்வளவு இறுக்கிக் கட்டி வெப்பாங்களா என்ன?"

மேவிஸ் கெண்டியைக் கீழே வைத்தாள். வாசலில் இருந்த மலை எழுந்தது.

"நான்தான் அறுத்தேன்," என்றார் கிளெம். "அவளை விடுங்க. ரம்பத்தால அறுத்து ஆத்துல வீசிட்டேன். எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

"ரம்பத்தாலயா?"

"ஆமா."

"பல்லு பட்ட தடம்கூட இல்லையே கிளெம். கழுத்து மெழுகு மாதிரி வழிஞ்சு உறைஞ்சிருக்கு. கத்தியை அடுப்புல பழுக்கக் காய்ச்சி, பற்றவெச்ச இடத்தை உருக்கித் தலையைத் தூக்கியிருக்காங்க." மிஸ் வென்லாக் அடுப்பைப் பார்த்தார். பக்கத்தில் ரொட்டிக் கத்தி கிடந்தது. அதன் நுனி நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. "உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை போல. நல்ல விஷயம்தான்."

மேவிஸ் டப்பாவை இறக்கிக் கயிற்றை அவிழ்த்தாள். சர்க்கரைக்குள் கையை விட்டு ஒரு எலுமிச்சம்பழ அளவுத் தலையை எடுத்தாள். மேசைமேல் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"இது ஆர்ச்சி," என்றாள். "ஆர்ச்சி வெல்டன். என்னோட முதல் புருஷன்."

கிளெம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"தொள்ளாயிரத்துப் பதினேழுல, பிரான்சுல, புல்லெகோர் சண்டையில காணாமப் போனார். காணவில்லை, இறந்திருக்கலாம்னு ஒரு கடுதாசி வந்துச்சு. அந்த 'லாம்'ஐ வெச்சுக்கிட்டு நாலு வருஷம் இருந்தேன். அப்புறம் இவரைக் கட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை இங்கே வந்து பார்த்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்ச்சி முட்டி போட்டு உட்கார்ந்திருக்கார். அதே மூக்கு. அதே புருவம். இதெல்லாம் திரும்பி வந்தவங்க முகம்னு அந்த ஆபீசர் சொல்றார். சிற்பி முன்னால வந்து நின்னவங்கன்னு சொல்றார்." அவள் கையிலிருந்த முகத்தைப் பார்த்தாள். "நின்னாருன்னா உயிரோட இருக்கார்னுதானே அர்த்தம்? இருந்தும் வீட்டுக்கு வரலைன்னா? அப்போ நான் யாரு மிஸ்? எங்க ராய் யாரு? பத்தொன்பது வயசுப் பையன், பாலைவனத்துல துப்பாக்கி பிடிச்சுக்கிட்டு நிக்கறான். அவனுக்கு அப்பா பேர் என்னன்னு எழுதறது?"

"அதான் தலையை எடுத்தீங்க."

"நாளைக்குக் கூட்டமண்ட்ராவிலேர்ந்து ஆர்ச்சியோட அக்கா வராங்க. அவசரப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு இருபது வருஷமா என்கிட்ட பேசாதவங்க. அவங்க கண்ணுல இது பட்டா..." முடிக்கவில்லை. "எடுக்கற வரைக்கும்தான் யோசிச்சேன். எடுத்ததுக்கு அப்புறம் நசுக்கவும் மனசு வரலை, வீசவும் மனசு வரலை."

கிளெம் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தச் சிற்பி எத்தனை மணிக்கு வரான்?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நாலு மணி ரயில்," என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம்.

மிஸ் வென்லாக் மேவிஸிடம் கை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலை கை மாறியது. ஒட்டியிருந்த சர்க்கரையை ஊதிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் உயிரோடு இருந்தது. கன்னத்தில் இரண்டு நாள் தாடி, கண்ணோரச் சுருக்கம், உதட்டில் வெடிப்பு எல்லாம் அப்படியே. வலது பக்கம் திருப்பியபோது அவர் விரல் நின்றுவிட்டது.

"மிஸஸ் டன்ஸ்டன், ஆர்ச்சியோட வலது காது எப்படி இருக்கும்?"

"வலது காதா? அவருக்கு ஒன்பது வயசுல குதிரை கடிச்சிடுச்சு. மடல்ல கால்வாசி இருக்காது. ஊர்ல 'முக்கால் காது'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஏன்?"

மிஸ் வென்லாக் என் பக்கம் திரும்பினார். "நெட், காரோட பக்கக் கண்ணாடியைக் கழட்டி எடுத்துக்கிட்டு காட்சிக்கூடத்துக்கு வா."

மறுபடியும் அந்த அறுபத்து மூன்று பேர். நான் கண்ணாடியை ஒவ்வொரு சிப்பாய்க்கும் பின்னால் நீட்டினேன். சுவர்ப் பக்கம், எந்தப் பார்வையாளன் கண்ணும் படாத பக்கம். பதினாலாவது ஆள் கழுத்தில் ஒரு கொப்புளம். இருபத்தேழாவது ஆளுக்குக் காதோரம் சவரம் செய்த வெட்டு. கடைசி வரிசையில் குப்புறக் கிடந்தவனுக்குக்கூட மண்ணை நோக்கிய பக்கத்தில் மூக்கு சரியாக இருந்தது.

"யாருமே பார்க்க மாட்டாங்க, இருந்தும் எவ்வளவு உழைப்பு! என் தையல்காரர் பின்பக்கத்துக்கு இதுல பாதி மெனக்கெட்டா போதும்," என்றேன்.

"இப்போ இதைப் பாரு."

உள்ளங்கையில் ஆர்ச்சியின் வலது பக்கத்தைக் காட்டினார். மொழுக்கென்றிருந்தது. சுருக்கமில்லை, தாடியில்லை. காது என்று ஒன்று இருந்தது, கடைப் பொம்மைக்கு இருக்கிற மாதிரி. மடலோடு, முழுசாக.

"குதிரை கடிச்ச காது எங்கே மிஸ்?"

"அதைத்தான் நானும் கேட்கறேன். முன்னால ஆள் நின்னா, 'கொஞ்சம் திரும்புப்பா'ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அப்படி ஒரு காது கிடைச்சா எந்தச் சிற்பியாவது விடுவானா? கொப்புளத்தைக்கூட விடாத மனுஷன்." அவர் குரல் தாழ்ந்தது. "இவன் நிக்கவே இல்லை, நெட். திரும்பவும் இல்லை."

அது எனக்குப் புரிவதற்குள் மேவிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கிளெம்மைக் காணோம்! கல்லு ஏத்துற லாரியை எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் ரோட்டுல போனாராம். அவரோட பெரிய சுத்தியலையும் காணோம். 'அவன் எங்கே இருக்கான்னு அந்தப் பொம்மைக்காரன் வாயாலயே சொல்ல வெக்கிறேன்'னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கார்!"

மணி மூன்று ஐம்பது.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த நாளிலிருந்து எங்கள் கார் கரிப்புகையில்தான் ஓடுகிறது. பின்னால் கட்டிய உலையில் கரி கனன்று, புகை ஏறி, எஞ்சினுக்கு மனசு வந்தால்தான் கிளம்பும். அன்றைக்கு மனசு வர ஆறு நிமிடம் ஆனது. மேவிஸ் கேட்காமலே பின் சீட்டில் ஏறினாள். மிஸ் வென்லாக் ஆர்ச்சியின் தலையை அவள் மடியில் வைத்தார்.

மொலாங்லோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை முழுக்க ஆடு.

"யோவ்! மந்தையை ஓரங்கட்டுய்யா!"

"கரி வண்டிக்கு என்னய்யா அவசரம்? ஆடு உன்னைவிட வேகமாப் போகுது!" என்றான் மேய்க்கிறவன்.

அவன் சொன்னது உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். சக்கரத்தைப் புல்லில் இறக்கி வளைத்து ஓட்டினேன். உள் கண்ணாடியில் மேவிஸைப் பார்த்தேன். இரண்டு கையாலும் மடியை மூடியிருந்தாள். தூரத்தில் ரயில் ஊதியது.

நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. பயணிகள் ஒரு வட்டமாக ஒதுங்கி நின்றார்கள். நடுவில் ஒல்லியான ஒரு மனிதர், ஐம்பது வயது, கைத்தடி ஊன்றியவர், தன் மரப்பெட்டிமேல் சாய்ந்து கிடந்தார். கிளெம்மின் இடது கை அவர் சட்டைக் கழுத்தில் இருந்தது. வலது கையில் சுத்தியல்.

"அவன் எங்கே? ஊரைச் சொல்லு! உன் முன்னால வந்து நின்னானே, எந்த ஊர்லேர்ந்து வந்தான்?"

"யாருங்க? யாரைக் கேட்கறீங்க?" பென்ரோஸுக்கு மூச்சு வரவில்லை.

"கிளெம், விடுங்க!" மேவிஸ் கத்தினாள். அது அவர் காதில் ஏறவில்லை. சுத்தியல் ஒரு சாண் உயர்ந்தது. நான் ஓடினேன். எட்ட மாட்டேன் என்று தெரிந்தே ஓடினேன்.

மிஸ் வென்லாக் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே உரக்கக் கேட்டார்:

"மிஸ்டர் பென்ரோஸ்! முப்பத்தெட்டாவது ஆளுக்கு வலது காது எப்படி இருக்கும்?"

பிளாட்பாரத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. கிளெம்மின் கைகூடத் தயங்கியது. பென்ரோஸ் தலையைத் திருப்பிக் குரல் வந்த திசையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பயம் போய் வேறொன்று வந்தது.

"தெரியாது," என்றார். "நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை."

"ஏன் பார்க்கலை?"

"அவர் என் வலது பக்கத்துல படுத்திருந்தார். ரெண்டு பேரும் மல்லாந்து. புல்லெகோர்ல, ஒரே குண்டுப் பள்ளம். தலையைத் தூக்கினா இயந்திரத் துப்பாக்கி. என் ரெண்டு காலும் நொறுங்கிப்போச்சு. ஒரு ராத்திரி, ஒரு பகல். என் கண்ணுக்குத் தெரிஞ்சது வானமும் அவரோட இடது பக்கமும்தான்."

கிளெம் பிடியை விட்டார். சுத்தியல் தரையில் விழுந்தது. பென்ரோஸ் பெட்டிமேல் சரிந்து உட்கார்ந்தார்.

"அவர் செத்துட்டாரா?" மேவிஸ் கேட்டாள்.

"சாயங்காலம். இருட்டறதுக்கு முன்னால. வயித்துல காயம்." மேவிஸ் கையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தார். எழ முயன்றார், முடியவில்லை. "ஜெர்மன்காரங்க வந்து என்னைக் கைதியாத் தூக்கிட்டுப் போனாங்க. அவரை அங்கேயே விட்டுட்டாங்க. பேர் கேட்டிருந்தேன், ஆர்ச்சின்னு மட்டும் சொன்னார். எந்தப் படைன்னு தெரியாது. ஆயிரம் ஆர்ச்சி இருக்காங்க. யாருக்கு எழுதறது? எனக்குத் தெரிஞ்சது அந்த அரை முகம்தான். அதான், செஞ்ச வேலை ஒவ்வொண்ணுலயும் அதை வெச்சேன். மெல்போர்ன்ல வெச்சேன், சிட்னியில வெச்சேன். யாராவது ஒருத்தர் வந்து கண்ணாடியைத் தட்டி, 'இது எங்க ஆள்'னு சொல்ல மாட்டாங்களான்னு பார்த்தேன். இருபத்தி நாலு வருஷம் ஆச்சு."

ஒன்பதாயிரம் பேரைத் தேடிய மிஸ் வென்லாக் முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். நான் குனிந்து சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நான் அவர் மனைவி," என்றாள் மேவிஸ். பிறகு கிளெம்மைப் பார்த்துவிட்டு, "மனைவியா இருந்தேன்," என்றாள். "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"வலி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாதி நேரம் பேசிக்கிட்டேதான் இருந்தார். போரைப் பத்தி இல்லைங்க. வீட்டு வாசல்ல ஒரு கதவாம். கீல் இறங்கிப்போய்த் தரையில உராயுமாம். நீங்க பால் வாளியோட வரப்போ ஒவ்வொரு தடவையும் இடுப்பால முட்டித்தான் திறக்கணுமாம். கிளம்பற அன்னைக்கு அதைத் தூக்கி மாட்டிட்டு வரணும்னு நினைச்சேன், நேரமாயிடுச்சு, அப்படியே வந்துட்டேன்னு சொன்னார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். நான் போய்ச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்தேன். எங்கே போய்ச் சொல்றதுன்னுதான் தெரியலை."

மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளெம் மெல்ல அவள் பக்கம் வந்தார். கல் உடைத்துக் காய்த்துப்போன கையை நீட்டினார். அவள் ஆர்ச்சியின் தலையை அதில் வைத்தாள். அந்தக் கையில் அது ஒரு நெல்லிக்காய் மாதிரி இருந்தது. கிளெம்முக்கு ஐம்பது வயது. கையில் இருந்தவனுக்கு இருபத்தாறு.

"கதவைப் பத்திக் கவலைப்படாதே தம்பி," என்றார். "அதை நான் தூக்கி மாட்டிட்டேன். இருபத்தொண்ணுல. வீட்டுக்குள்ள வந்த மொத வாரமே."

பென்ரோஸ் அவரை அண்ணாந்து பார்த்தார். கேட்டதை இன்னொருவருக்குப் போய்ச் சொல்ல வேண்டியவர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்:

"மாட்டிட்டீங்களா? இப்போ உராயறது இல்லையே?"

"இல்லைங்க," என்றாள் மேவிஸ். "ஒரு விரலால தள்ளினா போதும். திறந்துக்கும்."

"நல்லது," என்றார் பென்ரோஸ். கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "நல்லது."

ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அங்கே ஃபேர்லி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒட்டவேண்டிய தலை கிளெம்மின் கையில் இருந்தது. கிளம்பலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.